தங்கப் பதக்கமும் காத்திருக்கும் ஹெலிகாப்டரும்

அமெரிக்காவின் செனட் சபையில் டெக்சாஸ் மாநிலத்து ஜான் கார்னினும் மாசசூசெட்ஸ் மாநிலத்து எலிசபெத் வாரனும் ஒரே மசோதாவுக்குப் பொறுப்பேற்று நிற்பது அரிய காட்சி. முன்னவர் குடியரசுக் கட்சியின் உறுதியான பழைமைவாதி. பின்னவர் ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி முகம். வரி, வங்கி, துப்பாக்கி, மருத்துவக் காப்பீடு என எதிலும் ஒத்துப்போகாத இந்த இருவரும் ஒரு ஹெலிகாப்டர் குழுவினருக்காகக் கைகோத்தனர். வியத்நாம் போரில் காயமுற்றோரை மீட்ட 'டஸ்ட்ஆஃப்' ஹெலிகாப்டர் குழுவினருக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கும் அந்த மசோதா, 2024 செப்டம்பரில் அதிபர் ஜோ பைடனின் கையெழுத்துடன் சட்டமானது. சைகோன் வீழ்ந்து 49 ஆண்டுகள் ஆன பிறகு.

'டஸ்ட்ஆஃப்' என்பது ஒரு வானொலி அழைப்புப் பெயர். தெற்கு வியத்நாமில் இறங்கிய அமெரிக்கத் தரைப்படையின் முதல் மருத்துவ ஹெலிகாப்டர் பிரிவு 1963-இல் அதைத் தனக்கென எடுத்துக்கொண்டது. 'தூசி கிளப்பிப் புறப்படுவது' என்ற பொருளில், வறண்ட நிலத்தில் இறங்கி ஏறும் ஹெலிகாப்டருக்கு அது பொருந்திப் போயிற்று. பின்னர் போர் முழுவதிலும் மருத்துவ மீட்புக்கே அது பொதுப்பெயராக நிலைத்தது. ஒரு ஹெலிகாப்டரில் நான்கு பேர்: இரண்டு விமானிகள், ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு பராமரிப்பாளர். பக்கவாட்டில் செஞ்சிலுவைக் குறி. எந்திரத் துப்பாக்கி கிடையாது. அமெரிக்கர், தெற்கு வியத்நாமியர், பிற நேச நாட்டுப் படையினர், பொதுமக்கள் என இவர்கள் சுமந்து சென்றவர்களின் எண்ணிக்கை எட்டரை லட்சத்துக்கும் ஒன்பது லட்சத்துக்கும் இடைப்பட்டது என்பது அமெரிக்கத் தரைப்படை வரலாற்றுத் துறையின் கணக்கு. விமானிகளாகப் பணியாற்றியவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். பிற ஹெலிகாப்டர் பணிகளோடு ஒப்பிட்டால், எதிரியின் குண்டுக்கு இரையான விகிதம் இவர்களுக்கு 3.3 மடங்கு.

நான் படைத்துறை வல்லுநன் அல்லன். முப்பதாண்டுக் காலம் கல்லூரியில் பொது நிதியியல் கற்பித்தவன். ஆகவே இந்தச் சட்டத்தைப் படித்தபோது, பழக்கதோஷத்தால், இதற்கு என்ன செலவு என்றுதான் முதலில் பார்த்தேன். ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒரு குழுவுக்குப் பதக்கம் என்றால் ஆளுக்கொன்று என்று பொருளல்ல; மொத்தக் குழுவுக்கும் ஒரே ஒரு தங்கப் பதக்கம். அதை நாணயச் சாலை தன் சொந்த நிதியிலிருந்து வார்க்கும். அதன் வெண்கலப் பிரதிகளைப் பொதுமக்களுக்கு விற்று அந்தச் செலவை ஈடுகட்டிக்கொள்ளும். 1776-இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது இப்பதக்கம். இதற்கான மசோதா பரிசீலனைக்கு வர, கீழவையில் 290 பேரும் மேலவையில் 67 பேரும் முன்கூட்டியே ஒப்பமிட வேண்டும் என்பது வழக்கம். நம் நாட்டில் வீர விருதுகள் குடியரசுத் தலைவரின் பெயரால் அரசு வழங்குபவை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பதக்கம் தரும் முறை நம்மிடம் இல்லை. அங்கே மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் பெயரெழுதி ஒப்பமிட்டால்தான் ஒரு பதக்கம் பிறக்கும். பணச்செலவு இல்லாவிட்டாலும் ஆதரவு திரட்டும் உழைப்பு கடுமையானது. முதுமையடைந்த முன்னாள் படையினர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித்தான் அந்த எண்ணிக்கையை எட்ட முடியும்.

செலவில்லாதது என்பதால் மதிப்பில்லாதது என்று நான் சொல்லவரவில்லை. மதிப்புக்குரிய தொழில்களில் கிடைக்கும் ஊதியத்தில் பெரும்பங்கு அந்த மதிப்பேதான் என்று ஆடம் ஸ்மித் 'நாடுகளின் செல்வம்' நூலில் எழுதியிருக்கிறார். சம்பளப் பட்டியலில் வராத அந்தப் பங்கைத் தாமதமாகக் கொடுத்தாலும் கொடுத்ததாகவே கொள்ளலாம். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். துணிச்சலுக்கு என்கிறது சட்டம். அது உண்மை, ஆயினும் பாதி உண்மை. டஸ்ட்ஆஃப் வரலாற்றைப் படிக்கும் பொருளியல் மாணவனுக்கு அதில் வேறொன்று தென்படும். அது ஒரு வரவு செலவுச் சண்டை.

'ஹியூயி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட யூஎச்-1 ரக ஹெலிகாப்டர் முதலில் பறந்தது 1956 அக்டோபர் 20 அன்று. கொரியப் போரின் அனுபவத்தால், காயமுற்றோரை உள்ளே படுக்கவைத்துக் கொண்டுசெல்லும் ஹெலிகாப்டர் வேண்டும் என்று தரைப்படை கேட்டதன் விளைவாகப் பெல் நிறுவனம் உருவாக்கியது அது. கொரியாவில் சிறிய ஹெலிகாப்டர்களின் வெளிப்புறத்தில் தூக்குப்படுக்கையைக் கட்டி எடுத்துச் சென்றார்கள். பறக்கும்போது மருத்துவ உதவியாளரால் காயத்தைத் தொடக்கூட இயலாது. ஆக ஹியூயியின் பிறப்பே மருத்துவத் தேவைக்காகத்தான். பின்னர் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவை உற்பத்தியாகி, படைகளை இறக்கவும் குண்டு பொழியவும் அதுவே அந்தப் போரின் சின்னமாக மாறியது வேறு கதை.

1962 ஏப்ரலில் 57-ஆவது மருத்துவப் பிரிவு ஐந்து ஹியூயிகளுடன் வியத்நாம் சென்றடைந்தது. தொடக்கத்திலிருந்தே ஒரு கேள்வி அதைத் துரத்தியது: காயம்பட்டவர் இல்லாத நேரத்தில் இந்த எந்திரங்கள் சும்மா நிற்கின்றனவே, ஏன்? அந்த ஆண்டின் இறுதியில், தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு உதிரி பாகம் போதவில்லை என்று சொல்லி, மருத்துவ ஹெலிகாப்டர்களின் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர்களைக் கழற்றித் தரும்படி உத்தரவு வந்தது. என்ஜினை இயக்கும் பாகத்தையே பறிகொடுத்துவிட்டுச் செஞ்சிலுவை தீட்டிய ஹெலிகாப்டர்கள் சில காலம் தரையில் நின்றன. 1964-இல் ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல் இன்னும் நேர்த்தியான யோசனை ஒன்றை முன்வைத்தார். செஞ்சிலுவையைக் கழற்றி மாட்டக்கூடியதாகச் செய்துவிடலாம். காயம்பட்டவர் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கழற்றிவிட்டுச் சரக்கும் ஆளும் ஏற்றுங்கள்.

எந்தத் தணிக்கையாளரும் மறுக்க முடியாத யோசனை. ஒரு மூலதனப் பொருள் நாளில் பாதி நேரம் பயனற்று நின்றால் அதைப் பொதுப் பயன்பாட்டில் சேர்ப்பதுதானே சிக்கனம்? அந்தப் பிரிவுக்கு 1964 ஜனவரியில் தலைமையேற்ற மேஜர் சார்லஸ் கெல்லி அதை மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், எதிர்த்தரப்பின் கணக்கிலேயே அவர்களை வெல்ல முயன்றார். 'பயன்பாடு போதாது' என்பதுதானே குற்றச்சாட்டு? இரவில் மீகாங் சமவெளியின் சிறுசிறு முகாம்களின் மேல் வட்டமிட்டுப் பறந்து, 'காயம்பட்டவர் உண்டா?' என்று வானொலியில் கேட்டுக்கொண்டே போனார். அதுவரை இரவு முழுதும் வலியோடு கிடந்து விடியலுக்குக் காத்திருந்தவர்கள் இரவிலேயே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே மாதத்தில் மீட்கப்பட்டவர் எண்ணிக்கை இருமடங்கைத் தாண்டியது. சக படையினர் அவரைப் பித்தன் என்றார்கள். தேவை இல்லை என்று கணக்கு காட்டியது. தேவை இருந்தும் கேட்க வழியின்றிக் கிடந்தது என்பதை அவர் காட்டினார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கணக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் அரசு நிறுவனத்தின் செலவுகளைக் குறைக்க ஆலோசனை கூறும் சிறு குழுவில் நானும் இருந்தேன். அங்கே அவசர நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட வாகனம் ஒன்று பெரும்பாலான நாள்களில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். நாங்கள் பதிவேட்டை எடுத்து, ஓடிய கிலோமீட்டரை நாள்களால் வகுத்து, இதைப் பொதுப் பணிக்கும் பயன்படுத்தலாம் என்று எழுதினோம். அந்த வாக்கியம் என்னுடையது. எட்டு மாதங்களுக்குப் பிறகு ஓர் இரவு, அந்த வாகனம் பக்கத்து ஊருக்குத் தளவாடம் ஏற்றச் சென்றிருந்தபோது, பிரசவ வலியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நிலை. வேறு வண்டி பிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. யாரும் எங்கள் அறிக்கையைக் குறை கூறவில்லை. அறிக்கைக்கும் அந்த இரவுக்கும் தொடர்பு இருப்பதாகவே யாரும் எண்ணவில்லை. அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் 'பயன்பாட்டு விகிதம்' என்ற பாடத்தை நடத்தும்போது, தீயணைப்பு நிலையத்தில் நிற்கும் வண்டி என்ன உற்பத்தி செய்கிறது என்று மாணவர்களைக் கேட்கத் தொடங்கினேன். நின்றுகொண்டிருப்பதே அதன் வேலை என்று யாராவது ஒருவர் சொல்லும்வரை காத்திருப்பேன்.

கெல்லி 1964 ஜூலை முதல் நாள் வின் லாங் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டார். தரையில் காயமுற்றோர் கிடக்க, சூடு கடுமையாக இருக்கிறது, திரும்பிப் போய்விடுங்கள் என்று கீழிருந்து சொன்னார்கள். காயம்பட்டவர்கள் ஏறியதும் போகிறேன் என்பதாக அவர் பதிலளித்தார். சற்று நேரத்தில் ஒரு குண்டு அவர் நெஞ்சில் பாய்ந்தது. கழற்றி மாட்டும் செஞ்சிலுவைத் திட்டம் அவரோடு புதைக்கப்பட்டது. மருத்துவ ஹெலிகாப்டர்கள் மருத்துவத்துக்கே என்ற கொள்கையை அதன்பின் அந்தப் போரில் யாரும் தீவிரமாகக் கேள்விக்குள்ளாக்கவில்லை. ஒரு மனிதர் உயிரைக் கொடுத்துத்தான் ஒரு நிதி விவாதம் முடிவுக்கு வந்தது.

அதன் பயன் அடுத்த ஒன்பதாண்டுகளில் தெரிந்தது. கெல்லியிடம் பயின்ற பேட்ரிக் பிரேடி 1968 ஜனவரி 6 அன்று, மூடுபனிக்கும் கண்ணிவெடிக்கும் இடையில், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஹெலிகாப்டர்களை மாற்றி ஓட்டி 51 பேரை மீட்டார். மைக்கேல் நோவோசெல் இரண்டாம் உலகப் போரில் பி-29 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். விமானப்படைக் காப்புப் படையில் லெப்டினன்ட் கர்னல் பதவியில் இருந்தவர், அதைத் துறந்து, பதவியில் பல படிகள் கீழிறங்கித் தரைப்படை ஹெலிகாப்டர் விமானியானார். 1969 அக்டோபர் 2 அன்று 47 வயதில், எதிரிகளின் பிடிக்குள்ளிருந்து 29 பேரைத் தூக்கிவந்தார். இரண்டு பணிக்காலங்களில் அவர் சுமந்தவர்கள் 5,589 பேர். அவருடைய மகனும் அதே பிரிவில் விமானி. சுட்டு வீழ்த்தப்பட்ட மகனை ஒரு நாள் தந்தை மீட்டார். ஒரு வாரத்துக்குள் தந்தையை மகன் மீட்டார். பிரேடி, நோவோசெல் இருவருமே நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றவர்கள். 2024-இல் சட்டம் வந்தபோது பிரேடிக்கு வயது 87. நோவோசெல் 2006-லேயே மறைந்துவிட்டார்.

இந்தக் கொள்கை ஒருமுறை வென்றால் என்றென்றும் வென்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஆப்கானிஸ்தான் போரில் இதே கேள்வி வேறு உடையில் திரும்பி வந்தது. இராக்கில் காயமுற்றவரை ஒரு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுசேர்ப்பது அளவுகோலாக இருக்க, மலையும் தொலைவும் மிகுந்த ஆப்கானிஸ்தானில் இரண்டு மணி நேரம் போதும் என்று வைத்திருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் இதை எதிர்த்தபோது, உயிர் பிழைப்போர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று அதிகாரிகள் புள்ளிவிவரம் காட்டினார்கள். அவர் ஏற்கவில்லை. 2009 ஜூனில் ஒரு மணி நேரம் கட்டாயம் என்று ஆணையிட்டு, கூடுதல் ஹெலிகாப்டர்களையும் கள மருத்துவமனைகளையும் அனுப்பினார். பின்னர் 21,000-க்கும் மேற்பட்ட காயமுற்றோரின் பதிவுகளை ஆராய்ந்து 'ஜாமா சர்ஜரி' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. கொண்டுசேர்க்க ஆகும் இடைநிலை நேரம் 90 நிமிடத்திலிருந்து 43 நிமிடமாகக் குறைந்திருந்தது. காயமுற்றோரில் இறந்தவர் விகிதம் 13.7 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடாகச் சரிந்திருந்தது. இதற்குக் காரணமான ஆணையில் பதக்கம் பற்றி ஒரு சொல் இல்லை. ஹெலிகாப்டர்களின் எண்ணிக்கை இருந்தது.

இதனால்தான் செலவில்லாத சட்டத்தைச் செலவுள்ள சட்டத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். வியத்நாம் வீரர்கள் 'ஏஜென்ட் ஆரஞ்ச்' என்ற களைக்கொல்லி நச்சால் நோயுற்றதை ஏற்க ஒரு பொதுச் சட்டம் வர 1991 வரை காத்திருந்தார்கள். அதனோடு தொடர்புடைய நோய்களின் பட்டியலில் உயர் ரத்த அழுத்தம் சேர்க்கப்பட்டது 2022-இல்தான். நச்சுப் புகைக்கு ஆளான பிற்காலப் படையினருக்கும் சேர்த்து இயற்றப்பட்ட அந்தச் சட்டத்துக்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 28,000 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். பதக்க மசோதா ஓசையின்றி நிறைவேறிய அதே செனட்டில், இந்த மசோதா 2022 ஜூலை இறுதியில் போதிய வாக்கின்றித் தடுமாறியது. நோயுற்ற முன்னாள் படையினரும் குடும்பத்தினரும் நாடாளுமன்றப் படிக்கட்டுகளில் இரவுகளில் படுத்துக் கிடந்தார்கள். அதன் பிறகே ஆகஸ்ட் 2-இல் 86-க்கு 11 என்று நிறைவேறியது.

பிலிப்பைன்ஸ் வீரர்களின் கதை இதைவிடக் கசப்பானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின்கீழ் போரிட்ட அவர்களுக்கு முன்னாள் படையினருக்குரிய பலன்கள் கிடையாது என்று 1946-இல் அதே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2009-இல் எஞ்சியிருந்தவர்களுக்கு ஒருமுறைத் தொகை: அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால் 15,000 டாலர், இல்லாவிட்டால் 9,000 டாலர். ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்கு இரண்டு விலை. 2016-இல் அவர்களுக்கும் தங்கப் பதக்கம் வழங்கச் சட்டம் வந்தது.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. செங்கம் பகுதியின் நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மீட்டவன் யார், எந்தச் சண்டையில் பட்டான் என்று கல் சொல்லும். கல்லோடு நின்றுவிடாமல், பட்டவனின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது. கல்வெட்டுகள் அதை உதிரப்பட்டி என்கின்றன. பெயருக்கு ஒரு கல், பிழைப்புக்கு ஒரு வயல்.

சட்டமன்றங்கள் யாரை நினைவுகூர்கின்றன என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. வியத்நாமின் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கப் படையினர் பொதுமக்களைக் கொன்று குவித்தபோது, மேலே சிறிய ஹெலிகாப்டர் ஒன்றில் பறந்துகொண்டிருந்தவர் ஹியூ தாம்ப்சன். அவர் கீழிறங்கி, தம் நாட்டுப் படைக்கும் கிராமத்தாருக்கும் நடுவில் ஹெலிகாப்டரை நிறுத்தி, தம் குழுவினர் லாரன்ஸ் கோல்பர்ன், க்ளென் ஆண்ட்ரியோட்டா ஆகியோருடன் எஞ்சியோரைக் காப்பாற்றினார். உடன்வந்த ஹியூயிகள் அவர்களை ஏற்றிச்சென்றன. அதற்காக நாடாளுமன்றம் என்ன செய்தது? கீழவையின் ஆயுதப் படைக் குழுத் தலைவர் மெண்டல் ரிவர்ஸ், அந்தச் சம்பவத்தில் தண்டிக்கப்பட வேண்டியவர் யாராவது உண்டென்றால் அது தாம்ப்சன்தான் என்ற பொருளில் பேசினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1998-இல் அந்த மூவருக்கும் தரைப்படை ஒரு பதக்கம் அளித்தது. ஆண்ட்ரியோட்டா மை லாய்க்குப் பின் மூன்றே வாரங்களில் இறந்திருந்தார்.

ஹியூயியும் அப்படித்தான். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. ஹோ சி மின் நகரின் போர் எச்சங்கள் அருங்காட்சியக முற்றத்தில் இன்னொன்று நிற்கிறது. ஒரே எந்திரம், ஓரிடத்தில் மீட்பின் அடையாளம், மற்றோரிடத்தில் குற்றச் சான்று. இரண்டுமே பொய்யில்லை. டஸ்ட்ஆஃப் குழுவினரின் பதக்கம் மற்ற பல பதக்கங்களைவிட என்னை உறுத்தாததற்கு அவர்கள் சுமந்தவர்களில் அந்நாட்டு மக்களும் இருந்தார்கள் என்பதே காரணம்.

இனி வரும் போர்களில் ஒரு மணி நேர மீட்பு இயலுமா என்ற விவாதம் அமெரிக்கப் படைத்துறையில் இப்போது மும்முரமாக நடக்கிறது. உக்ரைனில் ட்ரோன்களுக்கும் ஏவுகணைகளுக்கும் அஞ்சி, காயம்பட்டவர்கள் பதுங்குகுழிகளில் பல மணி நேரம், சில வேளை நாள்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மருத்துவ ஹெலிகாப்டர்கள் எத்தனை வேண்டும், அவை யாருடைய ஆணையின்கீழ் இருக்க வேண்டும், அழைப்பு வராத நாளில் அவற்றை வேறு வேலைக்கு அனுப்பலாமா என்ற கேள்விகள் மீண்டும் மேசைக்கு வரும். விடை காண வேண்டியது பதக்கத்துக்கு ஒப்பமிட்ட அதே அவைகளின் ஒதுக்கீட்டுக் குழுக்கள். யாரோ ஓர் இளம் அதிகாரி பதிவேட்டை எடுத்து, பறந்த மணி நேரத்தை நாள்களால் வகுத்துக்கொண்டிருப்பார்.